ஏழாம் அறையின் ஐந்தாவது ஆள்

சங்கு ஊதியதும் எல்லோரும் வேப்பமரத்தடிக்கு ஓடி வந்தார்கள். ஓடி வந்தார்கள் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. இது ஒத்திகைதான் என்று காலையிலேயே சொல்லிவிட்டதால் பாதிப் பேர் பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள். கைகளிலெல்லாம் அலுமினியத் தூள் அப்பி வெள்ளி பூசியதுபோல் இருந்தது. சீசன் உச்சத்தில் இருந்த நேரம். வெயில் பத்து மணிக்கே மண்டையைப் பிளந்தது.

பட்டாசுத் தொழிற்சாலைக்குள் செல்போன் கிடையாது. கேட்டில் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் ஆபீசிலிருந்து அச்சடித்து வந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு போர்மேன் சுப்பையா அண்ணன் பெயர்களை வாசித்தார். அந்தத் தாள் எங்கள் கம்பெனி செய்த மென்பொருளிலிருந்து வந்தது. எந்த அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று சங்கு ஊதிய மறு நிமிடம் சொல்ல வேண்டும். அதுதான் அதன் வேலை. காலையில் அறைக்குப் போகுமுன் வராந்தாவில் உள்ள மெஷினில் ஒவ்வொருவரும் தங்கள் கார்டை வைத்துப் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். அதைச் சோதித்துச் சரி என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

"ஏழாம் ரூம்!" என்றார். நாலு பெயர். நாலு பேரும் "இருக்கேன்" என்றார்கள். இருபதாம் அறை வரை போய், தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அம்புட்டுப் பேரும் வந்தாச்சு. கணக்குச் சரி."

யாரோ கைதட்டினார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பொய் சொல்வானேன், நானும் தட்டினேன்.

வரிசையின் கடைசியில் ஒரு பெண் கையைப் பாதி தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். "அண்ணே, எம் பேரு வரலையே?"

"எந்த ரூமு நீ?"

"ஏழுதான். காலையில வராந்தாவுல கார்டு வச்சேன்ல. கீங்குனு சத்தம் கேட்டுச்சே."

பக்கத்தில் நின்றவர் சொன்னார்: "பேச்சி, நீ உள்ளயே வெந்து கெடந்தாலும் ஒருத்தரும் தேட மாட்டாக போல." எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியம்மாளும் சிரித்தார்.

உடைப்பதுதான் உத்தியோகம்

மண்டி மாடியில் இருக்கும் எங்கள் ஆபீசைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். கீழே மிளகாய் மூட்டை இறங்கினால் மேலே ஆறு பேரும் தும்முவோம் என்பதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "தும்முவது சரி, மற்ற நேரத்தில் என்னதான் வேலை உங்களுக்கு?"

நியாயமான கேள்வி. என் மாமியாருக்கே இன்றுவரை புரியவில்லை. "அடுத்தவங்க செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கிறதுக்கு ஆபீஸ் வேற போகணுமா?" என்பார். உண்மையில் அதுதான் வேலை. முருகேசன் மென்பொருள் எழுதுவார். நான் அதை உடைத்துப் பார்ப்பேன்.

முதலில் சின்னச் சின்னத் துண்டாகச் சோதிக்க வேண்டும். பிறகு துண்டுகளைச் சேர்த்துவைத்து, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் அதைப் பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுத்து, அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றாவதில்தான் எல்லாம் கவிழும்.

பட்டாசிலும் சோதனை உண்டு. ஒவ்வொரு தயாரிப்பிலும் சிலவற்றை எடுத்துக் கொல்லைப்பக்கத் திடலில் கொளுத்திப் பார்ப்பார்கள். ஆனால் கொளுத்திய வெடி போய்விடும். பெட்டிக்குள் போவது வேறு வெடி. எங்கள் தொழிலில் அந்தக் கஷ்டம் இல்லை. ஒரே துண்டை ஆயிரம் தடவை கொளுத்தலாம், கருகாது. அதனால்தான் எங்களுக்குத் திமிர் கொஞ்சம் அதிகம்.

இருபது வருஷமாக இந்த வேலை. சென்னையில் பாதி, இங்கே விருதுநகரில் பாதி. கழுத்து வலிக்குப் போகாத வைத்தியர் இல்லை. ஒன்றும் ஆகாவிட்டால் "நீ என்ன செஞ்சே?" என்பார்கள். ஏதாவது ஆகிவிட்டால் "நீ என்ன செஞ்சே?" என்பார்கள். கேள்வி ஒன்றுதான், குரல்தான் மாறும்.

பாலியெஸ்டர் சேலை

அந்தத் தொழிற்சாலைக்கு முதல் தடவை போனபோது கேட்டிலேயே என்னை மறித்துவிட்டார்கள்.

"மேடம், இது பாலியெஸ்டர் சேலைல்லா? உள்ள விட முடியாதுங்க. உராய்ஞ்சா பொறி வரும். நூல் சேலை கட்டிட்டு வாங்க."

நானோ, புது ஆர்டர் பேசப் போகிறோமே என்று இருப்பதிலேயே பளபளப்பானதைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஊர் உலகத்தையெல்லாம் சோதிக்கிறவள் கேட்டிலேயே பெயில். கடைசியில் ஆமத்தூர்க்காரப் பெண் ஒருவர், சாப்பாட்டுப் பையோடு கொண்டுவந்திருந்த மாற்றுச் சேலையைக் கொடுத்தார். காவலாளி அறையில் மாற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, சுடும் மண்ணில் வெறுங்காலோடு போனேன். சேலை கொடுத்தவர்தான் பேச்சியம்மாள்.

ஒவ்வொரு அறையும் தனித்தனியாக, எட்ட எட்ட நின்றது. ஒன்று தீப்பிடித்தாலும் மற்றது பிடிக்காதிருக்க அந்த இடைவெளி. ஒவ்வொரு வாசலுக்குப் பக்கத்திலும் சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தது: வெடிமருந்து இவ்வளவு, ஆட்கள் இவ்வளவு, அதற்கு மேல் கூடாது. ஏழாம் அறை காகிதக் குழாய்களில் மருந்து செலுத்தும் அறை. சுவரில் "ஆட்கள் 4" என்றிருந்தது.

உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். நாலு பேர் மருந்து செலுத்த, ஐந்தாவதாகப் பேச்சியம்மாள் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் பார்த்தேன். சுப்பையா அண்ணன் நான் பார்த்ததைப் பார்த்தார். "சீசன்ல கையுதவிக்கு ஒரு ஆளு கூடப் போடுறது வழக்கந்தான் மேடம்" என்றார். எனக்கும் தெரியும். இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்த யாருக்குத்தான் தெரியாது? தெரிந்ததை எல்லோரையும்போல நானும் கேட்டிலேயே விட்டுவிட்டு, என் பாலியெஸ்டர் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சிவப்பு, பச்சை

எங்கள் ஆபீசில் ஒரு முறை உண்டு. மென்பொருளை எழுதிவிட்டுச் சோதிப்பதில்லை. சோதனையை முதலில் எழுதுவோம்.

தலைகீழாகத் தெரியும். சட்டை தைக்கக் கொடுக்கும்போது அளவு சட்டையையும் சேர்த்துக் கொடுக்கிறோம் இல்லையா, அதுபோலத்தான். என்ன வேண்டும் என்பதை நான் சோதனையாக எழுதிவைப்பேன். அப்போது மென்பொருளே இல்லை. அதனால் ஓட்டினால் திரையில் சிவப்பு விழும். விழ வேண்டும். முதலிலேயே பச்சை காட்டினால் சோதனையில்தான் கோளாறு. பிறகு முருகேசன், அந்தச் சிவப்பு பச்சையாவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் எழுதுவார். ஒரு வரிகூட அதிகம் எழுதக் கூடாது. பச்சையானதும் எழுதியதைத் துடைத்து ஒழுங்குபடுத்துவார். மறுபடியும் ஓட்டிப் பார்ப்போம். பச்சை கலையாமல் இருந்தால் அடுத்த சோதனை.

நல்ல முறை. இன்றும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் அளவு சட்டையே தப்பாக இருந்தால் தையல்காரர் என்ன செய்வார்?

எல்லையில்தான் பிழை ஒளிந்திருக்கும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். நாலு என்றால் மூன்றைப் பார், நாலைப் பார், ஐந்தைப் பார், ஒருவரும் இல்லாததையும் பார். நானும் பார்த்தேன். "நாலு பேர் கார்டு வைத்த பிறகு ஐந்தாவது ஆள் கார்டு வைத்தால், அறையின் எண்ணிக்கை நாலைத் தாண்டக் கூடாது" என்று எழுதினேன். ஓட்டினேன். சிவப்பு.

முருகேசன் இரண்டே வரி எழுதினார். நாலு பேர் ஏற்கெனவே இருந்தால் அடுத்த கார்டைக் கண்டுகொள்ளாதே. அவ்வளவுதான். பச்சை.

"கார்டை மெஷின் படித்தால் சத்தம் கொடுக்க வேண்டும்" என்று வேறொரு சோதனை முன்பே இருந்தது. அதுவும் பச்சை.

இரண்டும் தனித்தனியே சரி. சேர்த்துவைத்தால் என்ன ஆகிறது? ஐந்தாவது ஆள் கார்டு வைக்கிறார். கீங் என்று சத்தம் வருகிறது. பதிவாகிவிட்டோம் என்று நம்பி அறைக்குப் போகிறார். பட்டியலில் அவர் இல்லை. தீப்பிடித்தால் தேடிப்போக வேண்டியவர்களின் கையில் இருக்கும் தாளில் அப்படி ஒரு ஆளே இல்லை.

முருகேசனைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டதைத்தான் செய்தார். கேட்டவள் நான். சுவரில் எழுதியிருந்ததைச் சோதித்தேன். உள்ளே உட்கார்ந்திருந்தவரை என் கண்ணால் பார்த்திருந்தும், அவர் கொடுத்த சேலையையே கட்டியிருந்தும், அவரைச் சோதிக்கவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

அண்ணாச்சியின் போன்

ஒத்திகைக்கு மறுநாள் ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாகப் பழைய சோதனையை அழித்தேன். புதிதாக எழுதினேன்: "ஐந்தாவது ஆள் கார்டு வைத்தால் அவர் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். போர்மேன் மேசையில் மணி அடிக்க வேண்டும்." ஓட்டினேன். சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் ஆறியது.

முருகேசன் எட்டிப் பார்த்தார். "அக்கா, இது பத்து நிமிஷ வேலை. ஆனா அண்ணாச்சி ஒத்துக்குவாரா?"

அண்ணாச்சி என்றால் தொழிற்சாலை முதலாளி. எங்கள் கம்பெனியை நடத்தும் தனசேகர் சார் அவருக்குப் போன் போட்டு, மேசையில் வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"ஏம்மா, அஞ்சு பேருன்னு எழுதி வச்சா, செக்கிங் வாரவங்களுக்கு உங்க கம்ப்யூட்டரே என்னைக் காட்டிக் குடுத்துரும்லா?" என்றார் அண்ணாச்சி. "பழையபடியே இருக்கட்டும். சீசன் முடியட்டும், பொறவு பாப்போம்."

தனசேகர் சார் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை. மாவட்டத்தில் எங்களுக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர் அவர்தான்.

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. இருபது வருஷத்தில் இந்த மாதிரிப் போன்கள் எத்தனையோ பேசியாகிவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன்: "அண்ணாச்சி, பழைய பட்டியல் சரின்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதை வாபஸ் வாங்கிக்கறேன். பொய்யான பட்டியலுக்கு என் பேரு வேண்டாம். ஏழாம் ரூம்ல தீப்பிடிச்சா அந்த அம்மாவை யாரு தேடுவா?"

கீழே மண்டியில் மூட்டையை இறக்கிப் போடும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணாச்சி கொடுமைக்காரர் இல்லை. எங்கேயாவது விபத்து என்று செய்தி வந்தால் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார் என்று சுப்பையா அண்ணன் சொல்லியிருக்கிறார்.

"சரிம்மா" என்றார் கடைசியில். "உங்க இஷ்டப்படியே போடுங்க. மணி அடிச்சா அந்த ஆளை வெளிய அனுப்பிருதோம். எனக்கும் வம்பு வேண்டாம்."

தனசேகர் சார் பெருமூச்சு விட்டார். முருகேசன் பத்து நிமிஷம் என்றதை ஏழு நிமிஷத்தில் முடித்தார். பச்சை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். "வெளிய அனுப்பிருதோம்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை.

கேட்டடியில்

புது மென்பொருளை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக மறுநாள் காலையில் போனேன். நூல் சேலைதான். கேட்டில் போனைப் பெட்டியில் போடும்போது பின்னால் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தார். முன்பே வந்து காத்திருந்ததுபோல் தெரிந்தது.

"மேடம், ஒரு நிமிசம். இன்னைக்கு மெஷினை மாத்துறீகளாமே? சுப்பையா அண்ணன் சொன்னாக."

"ஆமாக்கா. இனிமே உங்க பேரும் தாள்ல வரும்."

"வேண்டாம் மேடம்."

எனக்குப் புரியவில்லை. அவருக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து, தீப்பிடித்தால், சங்கு ஊதினால் என்று விளக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் தெரியும். பதினெட்டு வருசமா இங்கனதான் கெடக்கேன். எம் பேரு வந்தா மணி அடிக்கும். மணி அடிச்சா என்னையத்தான வெளிய போகச் சொல்லுவாக? மத்த நாலு பேரும் மருந்து செலுத்தத் தெரிஞ்சவுக. நான் தட்டு எடுத்துக் குடுக்கிறவ. தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு. அது வரைக்கும் எம் பேரு இல்லாமலே இருந்துட்டுப் போகட்டும். பொறவு என்னத்தையும் செய்ங்க."

"வேற ரூம்ல போடச் சொல்றேன்க்கா."

"எந்த ரூமுல எடம் இருக்கு? எல்லாத்துலயும் சுவத்துல எழுதுன ஆளு நெறஞ்சுதான கெடக்கு."

போன் பெட்டியின் மூடியைச் சாத்தினேன்.

"மவளை இப்பத்தான் நர்சிங்ல சேத்திருக்கேன் மேடம்" என்றார். கெஞ்சவில்லை. தகவலாகத்தான் சொன்னார். கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

கம்ப்யூட்டர் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சுப்பையா அண்ணன் மோர் கொண்டுவந்து வைத்தார், குடிக்கவில்லை. ரெண்டு மாசம்தானே, கரண்ட் இல்லை, கேபிள் சரியில்லை என்று எதையாவது சொல்லித் தள்ளிப்போடலாம். பேரைச் சேர்த்துவிட்டு மணியை மட்டும் எடுத்துவிடலாமா? அப்படியானால் ஐந்தாவது ஆள் அறையில் இருக்கலாம் என்று நானே எழுதிக் கொடுத்ததாகும். பெட்டி பெட்டியாக மருந்து இருக்கும் அறையில், வாசலிலிருந்து மிகத் தள்ளி உட்கார்ந்திருப்பவர் அவர். அதையும் நினைத்தேன். அவர் மகளையும் நினைத்தேன். எதை நினைத்தாலும் சரியாக இல்லை.

ஏற்றினேன்.

அடுத்த நாள் காலை ஏழாம் அறைக்கு ஐந்தாவது கார்டு வைத்ததும் மணி அடித்ததாம். மிகச் சரியாக அடித்தது என்று சுப்பையா அண்ணன் போனில் சொன்னார். பேச்சியம்மாள் ஒன்றும் கேட்காமல் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்பதையும் அவர்தான் சொன்னார். அன்று எங்கள் ஆபீசில் எல்லாச் சோதனையும் பச்சை. தனசேகர் சார் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை.

தீபாவளிக்குப் பிறகு

தீபாவளி போய் மழையும் ஓய்ந்த பிறகு, விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். நான் சிவகாசி பக்கம் இன்னொரு தொழிற்சாலைக்குக் கிளம்பியிருந்தேன். அவர் மல்லாங்கிணறு பக்கம் பருத்தி எடுக்கப் போய்விட்டு ஆமத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். விரல் நுனிகளெல்லாம் கீறல்.

பார்க்காததுபோல் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அவரே, "என்ன மேடம், சொகமா இருக்கீகளா?" என்றார்.

மகளைப் பற்றிக் கேட்டேன். படிப்பு நின்றுவிட்டது, அடுத்த வருஷம் மறுபடியும் சேர்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். இப்போது அவளும் சில நாள் கூடவே பருத்திக்கு வருகிறாளாம். "பாவம், வெயிலு தாங்க மாட்டேங்கா" என்றார். குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

"அக்கா, என்மேல உங்களுக்கு வருத்தம் இருக்கும்" என்றேன்.

"உங்க வேலையை நீங்க செஞ்சீக." பிறகு, மறந்துபோனதை நினைவுபடுத்திக்கொண்டவர்போலக் கேட்டார். "இந்தச் சீசன்ல ஏழாம் ரூமுல ஒண்ணும் ஆகலையாமே?"

"ஆமாக்கா. ஒண்ணும் ஆகல."

"ஒரு பொறிகூட விழலையோ?"

"இல்லக்கா."

"அப்ப நான் அங்கனயே இருந்திருக்கலாம்" என்றார்.

ஒன்றும் ஆகாததற்கு என்னிடம் சோதனை இல்லை. அவர் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். அடுத்த சீசனில் அப்படி இருக்காது என்று நான் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். இதில் எதைச் சொல்லி அந்தப் பிள்ளையை மறுபடியும் கல்லூரிக்கு அனுப்ப முடியும்?

ஆமத்தூர் வழியாகப் போகும் சிவகாசி பஸ் கூட்டத்தோடு வந்து நின்றது. எனக்கு முன்னால் அவர் முண்டி ஏறிவிட்டார். நான் ஏறியபோது ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து எனக்காக இடம் போட்டிருந்தார். உட்கார்ந்தேன். ஆமத்தூர் வரும்வரை அவர் பை என் மடியில் இருந்தது.